ஒருவரும் வாங்காத மாதம்

அந்தக் கிளினிக்கில் டாக்டரம்மாவுக்குப் பயந்தவர்கள் யாரும் இல்லை. எல்லாப் பயமும் நர்ஸிடம்தான். டாக்டரம்மா கையைப் பிடித்தால் நாடி பார்ப்பார். நர்ஸ் கையைப் பிடித்தால் நகத்தைப் பார்ப்பாள். வாசலைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு குழாய், முழங்கையால் தள்ளித் திறக்கிற வகை. அதில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் உள்ளே ஒரு எட்டு வைக்க முடியாது, பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, அதிகாரியின் மாமியாராக இருந்தாலும் சரி. இருமுகிறவர்களுக்கு ஜன்னலோர பெஞ்சு, மற்றவர்களுக்குச் சுவரோர பெஞ்சு. "நான் இருமலயே சிஸ்டர், சும்மா தொண்டையைக் கனைச்சேன்" என்று ஒருவர் இழுத்ததற்கு, "கனைக்கிறவங்களுக்கும் ஜன்னல்தான்" என்று கையைக் காட்டிவிட்டாள்.

தெரு அவளுக்கு வைத்த பெயர் மூணு நாள் சிஸ்டர். பெயர் வந்த கதை இது. சளி, தொண்டைவலி, இருமல் என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. அது வைரஸ் செய்கிற வேலை. அந்த மாத்திரை வைரஸைத் தொடக்கூடத் தொடாது. தானாக வந்தது தானாகப் போய்விடும். ஆனால் மாத்திரை கையில் விழாமல் டாக்டரைப் பார்த்த திருப்தி நம் ஆட்களுக்கு வருமா? அதனால் டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்குச் சீட்டை எழுதிவிடுவார். கையில் கொடுக்க மாட்டார். அது ஒரு கவருக்குள் போய், மேலே பெயரும் தேதியும் போன் நம்பரும் எழுதப்பட்டு, நர்ஸின் மேஜை இழுப்பறையில் உட்கார்ந்துகொள்ளும்.

"மூணு நாள் பாருங்க. குறையலன்னா வந்து வாங்கிக்குங்க. நடுவுலயே காய்ச்சல் ஏறுச்சு, மூச்சு வாங்குதுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்பார் டாக்டரம்மா. இதற்கு வெயிட்டிங் சீட்டு என்று பெயர். இதையே வாசல்வரை வந்து மறுபடி சொல்லி அனுப்புவது நர்ஸின் வேலை. முதல் மாதம் முழுசாகத்தான் சொன்னாள். பிறகு பின்பாதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் "மூணு நாள், ஞாபகம் இருக்கட்டும்" என்பது மட்டும் மிஞ்சியது.

யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான். நர்ஸ் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. இடது புருவத்தை மட்டும் தூக்குவாள். அந்தப் புருவம் ஏறி இறங்குவதற்குள் வந்தவருக்கு வேர்த்துவிடும்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெஞ்சுகளுக்கு எதிரே ஒரு வெள்ளைப் போர்டை மாட்டினாள். அது முழுக்க அவளுடைய சொந்த யோசனை. இந்த மாதம் எழுதிய சீட்டு இத்தனை, வாங்கிப் போனவர் இத்தனை என்று தினமும் சாயங்காலம் மாற்றி எழுதுவாள். முதல் மாதம் நாற்பத்தொன்றில் ஒன்பது பேர் வாங்கினார்கள். அடுத்த மாதம் ஐந்து. அதற்கடுத்து இரண்டு. தெருவுக்கும் சூடு பிடித்துக்கொண்டது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் இந்த மாத நடுவில் ஒருநாள் வெறும் போர்டைப் பார்ப்பதற்கென்றே வந்து, "பாருங்க சிஸ்டர், ஏழாவது நாள். ஒரு மாத்திரை முழுங்கல. எழுந்து நிக்கிறேனா இல்லையா?" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டரம்மாவும் கதவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அவளைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இந்தக் கிளினிக்குக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவள் அவள். அங்கே ஒரு தையல்காரப் பெண்ணுக்கு ஆபரேஷன் புண் ஆறவில்லை. ஒரு மருந்து கேட்கவில்லை, இன்னொன்று கேட்கவில்லை, மூன்றாவதும் கேட்கவில்லை. தும்மலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கண்ட மாத்திரையைக் கண்டபடி விழுங்கினால் கிருமிகள் பழகிவிடும். உயிருக்கே ஆபத்து என்கிற நாளில் மருந்து தோற்றுப்போகும். அந்தப் பெண்ணின் புருஷன் அலமாரியைக் காட்டி, "இவ்வளவு மருந்து இருக்கே சிஸ்டர், இதுல ஒண்ணுகூடவா?" என்று கேட்டதை அவளால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பிடிவாதம். பிடிவாதத்தோடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்த மாதம் போர்டு வேறு மாதிரி இருந்தது. மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி. எழுதிய சீட்டு முப்பத்தேழு. வாங்கிப் போனவர் பூஜ்யம். நர்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூஜ்யத்தை ஒவ்வொரு சாயங்காலமும் அழித்து, மறுபடியும் அதே பூஜ்யத்தை இன்னும் வட்டமாக எழுதினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

அவருக்கு ஐம்பத்துநாலு வயது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். இருபத்தாறு வருஷமாக, ஓட்டிப் பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வாழ்ந்தவர். வீட்டிலும் மனைவியின் பேச்சு வேகம் எடுத்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வாயால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை அவளே அவரைக் கிளினிக்குக் கூட்டிவந்து, கை கழுவவைத்து, ஜன்னலோர பெஞ்சில் உட்காரவைத்தாள். சொந்தப் புருஷன் என்பதற்காக வரிசையில் ஒரு இடம்கூட முன்னால் விடவில்லை. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. காய்ச்சலும் பெரிதாக இல்லை. வெயிட்டிங் சீட்டு எழுதி, வழக்கமாகச் சொல்வதை முழுசாகச் சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சிஸ்டர், இப்ப மாட்டிக்கிட்டீங்க. மாஸ்டர் மூணாம் நாள் வந்து கைய நீட்டினா என்ன பண்ணுவீங்க?"

"இவரா?" என்று அவள் சிரித்தாள். கவரில் அவர் பெயரை எழுதிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் வீட்டுக்காரர் எனக்கு அவமானம் தேடித் தர மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்துவிட, முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போர்டில் முப்பத்தேழு முப்பத்தெட்டு ஆயிற்று.

அன்று மத்தியானமே மாஸ்டரின் அக்கா போன் பண்ணினாள். அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, தம்பி தும்மினால் அவள் வீட்டில் மணி அடிக்கும்.

"என்னம்மா, ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற இடத்துல இருக்கே. கட்டின புருஷனுக்கு ஒரு ஊசி போட்டுவிட உனக்கு மனசு வரலயா?"

"அண்ணி, அவருக்கு ஊசி தேவையில்ல. வெறும் சளிதான்."

"நாங்கல்லாம் பொழைக்கலயா? சளின்னா நாலு மாத்திரை, முடிஞ்சுது கதை. நீதான் புதுசா சட்டம் போடுற."

நாத்தனார் பேச்சு நர்ஸுக்குச் சுருக்கென்று தைத்தது. வெறும் பிடிவாதம் அத்தோடு வைராக்கியமாகிவிட்டது. மூன்று நாளில் தம்பியை எழுப்பி நிறுத்திக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது கேட்டாள்: "இன்னைக்குப் பரவாயில்லதானே?"

"பரவாயில்ல."

புதன்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்குல்ல?"

"குறைஞ்சிருக்கு, குறைஞ்சிருக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவுடன் புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. "பார்த்தீங்களா? மூணு நாள். நான் சொன்னேனா இல்லையா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் சந்தோஷமாக அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நாலு மணிக்கு அவர் பாராசிட்டமால் போட்டுக்கொள்கிறார் என்பதும், அவள் வருகிற ஐந்தரைக்குச் சரியாக நெற்றி குளிர்ந்துவிடும் என்பதும், குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் இருமுகிறார் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு வெப்பமானி வைக்கிறவள். வீட்டு அலமாரியில் இருந்த வெப்பமானியை அந்த நாலு நாளில் ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. உனக்கு இருபத்தைந்து வருஷ அனுபவம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. தனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் மேலே கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு பேக்கரிக்காரம்மா வந்தாள். ரொட்டித் தட்டு பட்டு இடது கையில் சூடு. இரண்டாம் நாள் கட்டு மாற்ற வேண்டும். அவள் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்கிறவள். வாய் ஓயாது.

"இந்தக் கையோட ஸ்டியரிங் பிடிக்க முடியல சிஸ்டர். நேத்து சும்மா பின்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டு வந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான். மாஸ்டர் இப்ப இருக்கிற நிலைமையில அவர்கிட்ட கத்துக்கிட்டா..." என்று சொல்லி, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸின் கை கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தது. "என்ன நிலைமை?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"என்ன நிலைமைன்னு கேட்டேன்."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு." பேக்கரிக்காரம்மா பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாக் காதுகளும் இந்தப் பக்கம்தான் இருந்தன. "அந்த வெயில்ல கண்ணாடியெல்லாம் ஏத்திவிடச் சொல்றாரு. குளுருதாம். விலாவ ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்காரு. நேத்து கணக்கு வாத்தியார் ஓட்டிப் பழகறப்ப வண்டிய நேரா மரத்தப் பார்த்துக் கொண்டுபோறாரு, மாஸ்டருக்குப் பிரேக் போடத் தோணல. நான் கத்தின பிறகுதான் போட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லக்கூடாதாம்?"

"உங்க போர்டுல பூஜ்யம் இருக்காமே. இன்னும் அஞ்சே நாள்தானாம். அது இவரால கெட்டுடக்கூடாதாம்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு நர்ஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கட்டை ஒழுங்காகச் சுற்றி முடித்தாள், ஒட்டினாள். கையைக் கழுவினாள், எப்போதும் கழுவுகிற அதே நேரம், விரலிடுக்கு உட்பட. டாக்டரம்மாவிடம் போய் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். இழுப்பறையைத் திறந்து அவர் கவரை எடுக்கப் போனவளை டாக்டரம்மா தடுத்தார். "சீட்டு அப்புறம் சிஸ்டர். முதல்ல ஆளக் கூட்டிட்டு வாங்க." வெப்பமானியையும் விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஓடினால் வயிற்றில் இருக்கிற பயம் வெளியே தெரிந்துவிடும் என்று நடந்தாள்.

டிரைவிங் ஸ்கூல் மைதானம் இரண்டு தெரு தள்ளி. ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே அந்தப் பழைய கார் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கணக்கு வாத்தியார். பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாஸ்டர். வண்டி ஒரு கூம்பை மெதுவாகச் சாய்த்துவிட்டு நின்றது. அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். திருட்டுத்தனம் பண்ணிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி அசடு வழிந்தார். "நீ எங்க இந்த நேரத்துல..."

"பேசாதீங்க. ஒரு நிமிஷம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முன் சீட்டில் அவர் தோள் ஏறி இறங்குவதை எண்ணினாள். வாத்தியாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு. இருபதுக்குள் இருக்க வேண்டியது இருபத்தெட்டு. விரலில் கருவியை மாட்டினாள்; தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் தொண்ணூற்று மூன்று காட்டியது. வெப்பமானி நூற்றிரண்டைத் தாண்டியது. இதே எண்கள் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து தினமும் பார்த்திருப்பாள்.

"எப்ப இருந்துங்க குளுருது?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையா!"

அவருடைய வலது கால் பிரேக்கை அழுத்தியது. வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

"வாத்தியார் சார், கிளினிக்குக்கு விடுங்க" என்றாள்.

"நானா?" வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இன்னும் லைசென்ஸ் வரலயே சிஸ்டர்."

"அதான் மாஸ்டர் பக்கத்துல இருக்காருல்ல. வேற யாரும் இங்க இல்ல. இவரு நடக்கக்கூடாது. விடுங்க."

அந்த இரண்டு தெருவைக் கடக்க ஒன்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது. ஒரு நாய்கூட முந்திக்கொண்டு போனது. மாஸ்டர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே, "இரண்டாவது கியர்... இப்ப திருப்புங்க... பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் இருந்தவளுக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் மறுபடியும் மூச்சை எண்ணினாள். இருபத்தெட்டுதான்.

டாக்டரம்மா முதுகில் வலது பக்கம் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு தடவை கேட்டார். "நிமோனியா. திங்கட்கிழமை இது இல்ல, நான் சத்தியம் பண்ணுவேன். நடுவுல நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கு. முதல் ஊசிய இங்கயே போட்டுடுவோம். அப்புறம் நேரா பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்து ரெண்டு மூணு நாள் வச்சுப் பார்க்கட்டும்." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "காய்ச்சல் ஏறுனா உடனே வரச் சொன்னேனே மாஸ்டர்?" என்றார்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஊசி இந்த மாசக் கணக்குல வருமா டாக்டர்? அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி போட்டுக்கலாம்னா..."

நர்ஸ் மருந்தை ஊசிக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. "வாய மூடிக்கிட்டு கைய நீட்டுங்க" என்றாள். அவர் நீட்டினார்.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவர் திட்டவில்லை. "இதுல எனக்கும் பங்கு இருக்கு சிஸ்டர். முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதி ஒருத்தருக்குக்கூடத் தேவைப்படலன்னா, அது எப்படி நடக்கும்? நான்தான் முதல்ல சந்தேகப்பட்டிருக்கணும். போர்டப் பார்த்துச் சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "தேவையில்லாதவங்க வாங்காம இருக்கிறதுக்கு மட்டும் அந்தச் சீட்டு இல்ல. தேவைப்படுறவங்க தைரியமா வந்து வாங்குறதுக்கும்தான்" என்றார்.

அவள் வெளியே வந்து போர்டைக் கழற்றினாள். போர்டைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் பஞ்சு அலமாரிக்குப் பின்னால் செருகினாள். ஆனால் அதைக் கழற்றியதால் மட்டும் மனசு அடங்கவில்லை. இழுப்பறையில் அவர் கவர் போக இன்னும் முப்பத்தேழு கவர் இருந்தன. ஒவ்வொன்றையும் இதுவரை ஒரு வெற்றி என்று எண்ணியிருந்தாள். அதற்குள்ளே யார் யார் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ?

மறுநாள் சனிக்கிழமை. காலையில் எட்டரைக்கே வந்து, கவர்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு நம்பராகப் போன் பண்ணினாள். "மூணு நாள் சிஸ்டர் பேசுறேன். உங்களுக்கு இருமல் சரியாப் போச்சுல்ல?" போச்சு சிஸ்டர் என்றார்கள். "காய்ச்சல் இப்ப இல்லதானே?" இல்ல சிஸ்டர் என்றார்கள். கணக்கு வாத்தியார் "சூப்பரா இருக்கேன்" என்றார். பதினோரு மணிக்குள் முப்பத்தேழு பேரும் சரியாகப் போய்விட்டார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாஸ்டரின் மூச்சு இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு வளைவில் கிளட்சை எப்படி விடுவது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அக்கா அதற்குள் வந்து, டாக்டர், வார்டு, சாப்பாடு, தம்பி பெண்டாட்டி எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஆபத்து தாண்டிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் மாஸ்டர். "ஏழு நாள் மருந்தாம். நடுவுல நிறுத்தக்கூடாதாம். நான் ஏன் சார் நிறுத்தப்போறேன், வீட்டுக்குள்ளயே போலீஸ் இருக்குன்னு சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க? அந்தப் பூஜ்யத்தத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன். நீங்க இல்லாம நான் அத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?" குரல் உடைந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லக்கூடாதுன்னு இல்லம்மா."

"தினமும் கேட்டேனே. காலையில கேட்டேன், சாயங்காலம் கேட்டேன்."

"கேட்டே." அவர் தயங்கினார். இப்போதும் கால் போர்வைக்குள் கொஞ்சம் அழுந்தியது. "பரவாயில்லதானேன்னு கேட்டே. குறைஞ்சிருக்குல்லன்னு கேட்டே. நீ அப்படிக் கேக்கும்போது உன் முகத்துல அவ்வளவு ஆசை இருக்கும். இல்லம்மா, மோசமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல."

அவள் கொஞ்ச நேரம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சமாதானமாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "காலையில எல்லாருக்கும் போன் போட்டேன். முப்பத்தேழு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

"அப்படியா, சந்தோஷம்" என்றார் மாஸ்டர். "அவங்ககிட்ட என்னன்னு கேட்டே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் எழுந்து, அவர் போர்வையைச் சரிசெய்து, "நான் கிளம்பறேங்க. சாயங்காலம் வரேன்" என்றாள். அவர் போ என்று தலையை ஆட்டினார்.

கிளினிக்கில் சாப்பாட்டு வேளை. பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவள் கை கழுவிவிட்டு, இழுப்பறையைத் திறந்து, முப்பத்தேழு கவர்களையும் மறுபடி மேஜையில் பரப்பினாள். மேலே இருந்தது கணக்கு வாத்தியாருடையது. நம்பரை அழுத்தினாள்.

"சிஸ்டரா? காலையிலதானே பேசினீங்க. மாஸ்டர் எப்படி இருக்காரு?"

"தேறிட்டாரு சார். நீங்க எப்படி இருக்கீங்க, சொல்லுங்க."

"நான்தான் சொன்னேனே, சூப்பரா..."

அவள் சரிதானே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"சிஸ்டர்..." வாத்தியாரின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "நாலாவது நாளே தாங்கல. உங்ககிட்ட வந்து கேக்க வெட்கமா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில பேரச் சொல்லி வாங்கி முழுங்கிட்டேன். ரெண்டு நாள் போட்டேன், கொஞ்சம் குறைஞ்சுது, மிச்சத்த விட்டுட்டேன். அன்னைக்கு உங்க முன்னாடி வந்து நெஞ்ச நிமித்திக் காட்டினது அதுக்கப்புறம்தான். இப்ப மறுபடியும் ராத்திரியானா காய்ச்சல் வருது. கோச்சுக்காதீங்க சிஸ்டர்."

அவர் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிவந்த ஒன்பது நிமிஷமும் அவளுடைய முகத்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷனின் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"கோச்சுக்கலை சார்" என்றாள். "நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். இப்பவே கிளம்பி வாங்க. டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க. அந்த மிச்ச மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க, என்ன மருந்துன்னு அவங்க பார்க்கட்டும்."

போனை வைத்துவிட்டு அந்தக் கவரைத் தனியாக எடுத்துவைத்தாள். அடுத்த கவர் துணி இஸ்திரி போடுகிற அம்மாவுடையது. வாசலில் வாத்தியார் வந்து கை கழுவும் சத்தம் கேட்பதற்குள் இன்னும் நாலு பேரிடம் பேசிவிட்டாள். மூன்று பேர் நிஜமாகவே நன்றாக இருந்தார்கள். நாலாவதாகப் பேசிய இன்னொரு அம்மா, எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், "சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு பார்க்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

"எனக்குக் கஷ்டமா இருந்தா இருக்கட்டும்மா" என்றாள் நர்ஸ். "நீங்க சொல்லுங்க."